வீரமுத்து குடிக்காத கள்ளு

மலாயாவில், சுவா வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரம் சீவினவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வீரமுத்து மாதிரிச் சீவினவன் வீரமுத்து ஒருத்தன்தான். மறுக்கிறவன் யாராவது இருந்தால் தான் சீவின மரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தட்டும். அவன் எடுக்கிற பட்டை வெங்காயச் சருகு கனத்துக்கு மேல் இருக்காது. உளி அதற்குமேல் ஒரு மயிரிழை உள்ளே போனாலும் மரத்துக்குக் காயம். காயம் ஆறினால் முண்டு. முண்டு விழுந்த இடத்தில் மறுபடி உளி ஓடாது. பத்து வருஷம் சீவின அவனுடைய நிரையில் ஒரு முண்டு கிடையாது. புதிதாக வந்த ஆட்களுக்கு வேலை காட்ட வேண்டுமானால், துரை கங்காணியைக் கூப்பிட்டு, "வீரமுத்து மரத்துக்குக் கூட்டிப் போ" என்பார். வேறு பேச்சில்லை.

பள்ளிக்கூடப் பக்கம் அவன் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லை. ஆறு வயதில் அப்பன் ராமசாமியின் தோளில் உட்கார்ந்து கப்பலில் வந்தவன். அவனுக்குப் பதினைந்து வயதில் அப்பன் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அப்பன் உளியைக் கையில் எடுத்தவன், தன் கையால் கட்டினான் தாலி, தன் கையால் வளர்த்தான் ஒரு மகளை. கள் தொட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கள்ளுக்கடை வாசலைக் கடக்கிறபோது தலையை நிமிர்த்திக்கொண்டு, நிற்காமல் நடப்பான்.

அப்படிப்பட்டவன் மரத்துக்குக் காயம் போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், மழை விட்ட ஒரு காலைநேரம்.

உளி ஓடிக்கொண்டே இருந்தது, கோடு சரியாகத்தான் தெரிந்தது. பால் வழிகிற நேரம் பார்த்தால் பட்டைக்குள்ளே வெள்ளைக் கட்டை பல்லைக் காட்டுகிறது. வீரமுத்து கண்ணைக் கசக்கினான். வலது கண்ணைப் பொத்தினான். மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் தொங்கின இடத்தில் மங்கைக் காணோம். அந்த இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒன்று நின்றது. கையை எடுத்தான், மங்கு வந்தது. பொத்தினான், போயிற்று. அப்படியே நாலைந்து தடவை பார்த்தான். பிறகு காயத்தின் மேல் ஒரு கை மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான்.

கண்ணில் பால் தெறித்துவிட்டது என்று வீட்டில் சொன்னான். மனைவி மங்கம்மா தாய்ப்பால் கேட்டு லயத்தில் இரண்டு வீடு ஏறி இறங்கினாள், வாங்கி ஊற்றினாள். புகை போகவில்லை.

அடுத்த மாதம் தலைவலி வந்தது. விடிகிற நேரத்துக்கு வரும், பின்மண்டையில் ஆப்பு அடிக்கிற மாதிரி. காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாக நிற்கிறபோது வாயில் தண்ணீர் ஊறும், ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவான். அதற்கும் மேலே நடை கெட்டது. பால் வாளி இரண்டும் தோளில் வைத்த காண்டாக் கம்பில் தொங்க, ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில் கால் வைத்தால், பலகை ஒரு பக்கம் போகிறது, இவன் ஒரு பக்கம் போகிறான்.

பக்கத்து நிரையில் சீவுகிறவள் மாரியம்மா. அவனைவிடப் பத்து வயது மூத்தவள், அவன் அப்பன் காலத்திலிருந்து அதே தோட்டத்தில் இருக்கிறவள். ஓடைக்கு அந்தப் பக்கம் வாளியை இறக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாக்கா பாக்கிறே?"

"ஒண்ணுமில்லடா வீரா. உங்கப்பன் இப்படித்தான் கால் வைப்பாரு. கோழி சூடான மண்ணுல நடக்கிறாப்பல."

"பலகை வழுக்குது."

"அவருக்கும் வழுக்கிச்சு," என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்பனுடைய நடைக்கு அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு பேரே இருந்தது: ராமசாமி நடை. முதலில் ஒரு கண் போனது. ஆத்தா கோபம் என்றார்கள். பிறகு தள்ளாட்டம், பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் காதுக்குப் போகும் கை. முப்பத்தாறு வயதில் சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தார். சின்னப் பிள்ளைகள் அவர் பின்னால் நடந்து காட்டுவார்கள். மகன் வீரமுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது அவனுக்கு வயது முப்பத்தைந்து.

தன் உயிரைப் பற்றி அவன் அப்போது நினைத்தான் என்று சொன்னால் அது பொய். அவன் நினைத்தது மகள் பஞ்சாலையை. பதினாறு முடிந்தது. மங்கம்மாவின் அண்ணன் மாயாண்டி, தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர். அவன் மகன் ராமகிருஷ்ணன்தான் முறைப்பையன். தை பிறந்ததும் பேசி முடிக்க வருகிறோம் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பன், மகன் என்று வரிசையாக வருகிற சீக்கு உள்ள வீட்டில் எந்த மண்டோர் பெண் எடுப்பான்? மாயாண்டி ராமசாமியைப் பார்த்ததில்லை. ராமசாமி விபத்தில் செத்தார் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தது.

நடையை மறைக்க முடியாது. நடைக்கு வேறு பேர் வைக்கலாம். மூன்று நாள் யோசித்து வீரமுத்து கண்டுபிடித்த வழி அது. படித்தவனுக்கு அந்த யோசனை வந்திருக்காது.

நாலாம் நாள் மத்தியானம், பால் ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு, நேராகக் கள்ளுக்கடைக்குள் போனான். தகரக் கொட்டகைக்குள் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"யாரைத் தேடி வந்தே வீரமுத்து?" என்றான் ஒருத்தன்.

"யாரையும் இல்ல. குடிக்க வந்தேன்."

"யார் குடிக்க?"

"நான்தான்லா."

"டேய், நவுந்து எடம் விடுங்கடா. சாமியாருக்குத் தாகம்."

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. வீரமுத்து குவளையை வாங்கினான். புளித்த வாடை மூக்கில் ஏறியது. வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தான், கொஞ்சம் சட்டையில் தெளித்துக்கொண்டான், மிச்சத்தை அங்கே நின்ற வாழைக்கட்டையின் அடியில் ஊற்றினான். காலிக் குவளையோடு உள்ளே வந்து உதட்டைத் துடைத்தான். அன்றைக்கு லயத்துக்குத் தள்ளாடிப் போகிறபோது யாரும் ராமசாமியை நினைக்கவில்லை. "புதுசு பாரு, ஒரு குவளைக்கே பூமி சுத்துது" என்றார்கள்.

தினமும் போனான். ஒரு மாதத்தில் தோட்டம் முழுக்கக் குடிகாரன் பேர் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் சேர்த்த பேரை அழிக்க முப்பது நாள் போதுமானதாக இருந்தது. பெரட்டில் கங்காணி அவன் முன்னால் வந்து நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "நேத்து ஊத்துனது இன்னும் எறங்கலியா?" என்பார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். மரத்தில் விழுந்த காயத்துக்கும் கள்ளே காரணம் என்று ஆனதைத்தான் தாங்க முடியவில்லை. அவனுடைய நிரையைப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கிடைத்தது சதுப்போரத்துக் கிழட்டு மரங்கள்.

மங்கம்மா முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரம் ஏசினாள், மூன்றாம் வாரம் பேசுவதை நிறுத்தினாள். சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சட்டையைத் துவைக்கிறபோது மட்டும், கேட்கட்டும் என்று சத்தமாக, "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, அப்பனுக்கு இப்பத்தான் மீசை மொளைக்குது" என்பாள். உண்மையை அவளிடம் சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்பது வீரமுத்துவின் கணக்கு.

தையில் மாயாண்டி பஸ் மாறி வந்து இறங்கினான். தலையில் மண்டோர் தொப்பி, கையில் ஒரு சீப்பு பழம். மச்சான் வருகிறான் என்று எழுந்த வீரமுத்து, நிலைப்படியில் தோள் இடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாயாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தான்.

"கேள்விப்பட்டேன் மச்சான். நான் நம்பல. பதினேழு வருசமா என்னைப் பாத்து மூக்கைச் சுளிச்சியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"எங்க தங்கச்சி கல்யாணத்துல, மாயாண்டி பக்கத்துல இலை போடாதீங்க, கள்ளு நாத்தம்னு சொன்னே."

"சொன்னேன்."

"இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே இலையில சாப்பிடுவோம் வா."

மாயாண்டிக்கு அத்தனை சந்தோஷம். தங்கை புருஷன் கடைசியில் தன் மட்டத்துக்கு இறங்கி வந்துவிட்டான். தள்ளாட்டம் அவனுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. குடிக்காத மண்டோரை அவன் பார்த்ததே கிடையாது. மாசியில் பரிசம், வைகாசியில் தாலி என்று வாயால் முடிவாயிற்று. பஞ்சாலை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராமகிருஷ்ணனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவள் முகத்தில் தெரிந்த நிறைவைப் பார்த்து, பிடுங்கப்பட்ட நிரையைக்கூட வீரமுத்து மறந்தான்.

பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சதுப்போரத்தில் விழுந்தான். பால் வாளி கவிழ்ந்து, முகமெல்லாம் பால் அப்பி, பேச்சு குழறிக் கிடந்தவனை டிரெசர் இராஜமாணிக்கம் தோட்டத்து லாரியில் ஏற்றி, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற மனிதர், நல்லவர்தான், ஆனால் அவரும் வழி நெடுகக் கள்ளின் கேட்டைப் பற்றியே போதித்துக்கொண்டு வந்தார்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஜன்னலை அடைத்து, விளக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு மேலே படுகிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். வீரமுத்துவின் விரல் கன்னத்துக்குப் போனது.

"நீர் கள்ளுக் குடிக்கிறனீரோ?"

இராஜமாணிக்கம், "தினமும் ஐயா" என்றார்.

"நான் அவரைக் கேட்டனான்."

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "இல்லீங்கய்யா. ஒரு சொட்டும் தொண்டையில எறங்குனதில்ல."

"ஓம். அது எனக்குத் தெரியுது," என்றார் டாக்டர்.

அத்தனை மாதத்தில் அவனை நம்பின முதல் ஆள் அவர். அங்கேயே உட்கார்ந்து வீரமுத்து அழுதான். அப்பன் கதை முழுதையும் சொன்னான். டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டார், அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார், பொட்டுக்கு மண்புழு மாதிரி இரண்டு கோடு இழுத்தார். கண்ணுக்கு உள்ளே ரத்தக்குழாய் இப்படிச் சுருண்டு முடிச்சாக நிற்கிறது, மூளையிலும் பின்பக்கம் அதே முடிச்சு இருக்கிறது, அதுதான் நடையைக் கெடுக்கிறது என்றார். சீமையில் ஓரிரண்டு டாக்டர்மார் எழுதியிருக்கிறார்கள், இங்கே இதற்குக் கத்தி வைக்கிற ஆள் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார்.

"ஆத்தா கோவம்னாங்கய்யா."

"அப்படி ஒண்டும் இல்லை. இது தகப்பன்ரை ரத்தத்தோடை வாறது. உமக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரே பொண்ணு."

"வரலாம், வராமலும் விடலாம். பூவா தலையா மாதிரித்தான். கூட்டிக்கொண்டு வாரும். கண்ணைப் பார்த்தால் தெரியும். முடிச்சு சின்னனாய் இருக்கேக்கை அதைச் சுட்டுக் கருக்கிப் பார்க்கலாம், கண் தப்பினாலும் தப்பும். பிந்தினால் ஒண்டும் செய்ய ஏலாது."

ஐந்து நாளில் தோட்டத்துக்குத் திரும்பினான். டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இராஜமாணிக்கத்திடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தலைக்குள்ளே அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டிப் போனால் ஊருக்குத் தெரியும், கல்யாணம் நின்றுபோகும். கூட்டிப் போகாவிட்டால் கண் போகும். தாலி ஏறினபிறகு காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் நினைப்பான். அப்படியானால் மாயாண்டி வீட்டுப் பேரப்பிள்ளைக்கும் சேர்த்துக் குழி பறிக்கிறோமே என்று அடுத்த நிமிஷம் நினைப்பான். அடுப்பு ஊதுகிற பஞ்சாலையை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பரிசத்துக்கு மிச்சமிருந்த ஐந்து நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பரிசத்தன்று மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பாய் விரித்திருந்தது. தம்பினிலிருந்து பதினைந்து பேர், லயத்து ஆட்கள் நாற்பது பேர். மாயாண்டி புடவை, பூ, வெற்றிலை, தேங்காய் அடுக்கின தாம்பாளத்தை நீட்டினான். பெண்ணின் அப்பன் வாங்க வேண்டும்.

வீரமுத்து கையை நீட்டவில்லை.

"மச்சான், ஒரு சேதி. இதைக் கேட்டுட்டுத் தட்டைக் குடு. நான் குடிக்கிறதில்ல. எனக்குச் சீக்கு. எங்கப்பனுக்கு இருந்த சீக்கு. கண்ணுலயும் மூளையிலயும் ரத்தம் முடிச்சுப் போட்டிருக்கு. எம் பொண்ணுக்கும் இருக்கலாமாம்."

நாக்கு குழறித்தான் சொன்னான். கடைசி வார்த்தை வருகிறபோது உடம்பு ஆடி, பக்கத்தில் இருந்த குத்துவிளக்கைத் தட்டிவிட்டான்.

மாயாண்டிதான் சிரிக்க ஆரம்பித்தான், பாய் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியா மச்சான்? நாங்க வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாது?"

"சத்தியமா சொல்றேன். நான் குடிச்சதே இல்ல."

"இந்தச் சத்தியத்தைக் கள்ளுக்கடையில வந்து சொல்லு, ஓசியில ரெண்டு குவளை குடுப்பான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மங்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீரமுத்து சுற்றிலும் பார்த்தான். ஒரு முகத்திலும் நம்பிக்கை இல்லை. பொய்யை அத்தனை கெட்டியாகக் கட்டியிருந்தான் அவன், தேர்ந்த வேலைக்காரன் அல்லவா. இப்போது அதற்குள்ளிருந்து அவனாலேயே வெளியே வர முடியவில்லை. "இராஜமாணிக்கம் ஐயாவைக் கேளு" என்றான். டிரெசர் அன்றைக்குப் போர்டிக்சன் போயிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாரியம்மா எழுந்து வந்தாள்.

"சிரிச்சது போதும், உக்காருங்கடா. அவன் குடிச்சதில்ல. எங்கோழிக்கூடு கள்ளுக்கடைக்குப் பொறத்தாலதான் இருக்கு. தெனமும் வாங்கிட்டு வந்து வாழை மூட்டுல ஊத்துவான். அங்க போய்ப் பாருங்க, எறும்பு மொய்ச்சுக் கெடக்கும்."

"பொறவு தள்ளாட்டம் எதுக்கு?" என்றான் மாயாண்டி.

"அது ராமசாமி நடை மண்டோரே. இவங்கப்பன் நடை. அவரு ஆடி ஆடி நடந்தது நான் கண்ணால பாத்தது. அப்ப இந்தத் தோட்டத்துல கள்ளுக்கடையே கெடையாது."

சிரித்தவர்கள் கீழே பார்த்தார்கள். "ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?" என்று மங்கம்மா கேட்டாள்.

"மக கல்யாணத்துக்காக மானத்தை விக்கிறான். அதை நான் எப்படிப் போய்க் கெடுக்க?"

மாயாண்டி தாம்பாளத்தை ஒரு துண்டால் மூடித் தூக்கிக்கொண்டான். தம்பின் ஆட்கள் அவன் பின்னால் எழுந்தார்கள். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கும் ஒரே மகன். பஞ்சாலை அழவில்லை. அப்பனிடம் வந்து, "எந்த ஆஸ்பத்திரிப்பா? நாளைக்கே போவோம்" என்றாள்.

மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் ராமகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தான். தம்பினுக்குத் திரும்பாமல் சுவாவிலேயே தங்கிவிட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேருமாகச் சிரம்பான் போனார்கள். டாக்டர் பஞ்சாலையின் வலது கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். இடது கண்ணைப் பார்த்து எழுந்திருக்க நேரம் எடுத்தது. ஓரத்தில் கடுகு அளவு ஒரு சிவப்புப் பொட்டு. சுட்டுப் பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வர வேண்டும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

பஸ்ஸில் வீரமுத்து, "உங்கப்பா தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாரு மாப்ளே. நீ ஏன் அலையறே?" என்றான்.

"தட்டைத்தானே தூக்கிட்டுப் போனாரு மாமா. என்னைத் தூக்கிட்டுப் போகலியே."

மங்கம்மா அன்றிலிருந்து புருஷனுக்குச் சோற்றைப் பிசைந்து தானே ஊட்டினாள். கை காதுக்குப் போக ஆரம்பித்திருந்தது. அவன் பெரட்டுக்கு வராத நாட்களில் கங்காணி லயத்துக்கு வந்து விசாரித்தார். அவனுடைய பழைய நிரையைப் பஞ்சாலைக்குக் கொடுத்தார். சாகிறதுக்கு ஒரு வாரம் முன்னால் வீரமுத்து தன்னை அங்கே தூக்கிப் போகச் சொன்னான். இரண்டு கண்ணும் போய்விட்டது அப்போது. மரம் மரமாகப் பட்டையைத் தடவினான். தான் போட்ட காயங்கள் எங்கெங்கே என்று விரலுக்குத் தெரிந்தது. அங்கெல்லாம் விரல் கொஞ்சம் நின்றது.

பதினாறாம் நாள் கருமாதி. செத்தவனுக்குப் பிடித்ததைப் படையலில் வைப்பது வழக்கம். பொழுது ஏறி மாயாண்டி வந்தான். பரிசத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வாசலுக்கு வருகிறான். பழக்க தோஷம், கையில் ஒரு போத்தல் கள். அதைக் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணே," என்றாள் மங்கம்மா. "அவரு குடிக்க மாட்டாரு."

மாயாண்டி போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கள்ளுக்கடைக்குப் பின்னால் அந்த வாழை மூட்டில் அவன் அதை ஊற்றுகிறதை மாரியம்மா கோழிக்கூட்டுப் பக்கமிருந்து பார்த்தாள். திரும்பி வந்து, வெறும் கையோடு, இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். போத்தல் இருந்த இடத்தில் மங்கம்மா உளியை வைத்திருந்தாள். அது பளபளவென்று தீட்டி வைத்திருந்தது.

"அடுத்து எப்ப ஆஸ்பத்திரி போகணும்?" என்று பஞ்சாலையைக் கேட்டான்.

"வர்ற செவ்வாக்கெழமை மாமா."

"சரி. நானும் வர்றேன்," என்றான் மாயாண்டி. "அந்த டாக்டர் சொல்றதை நானும் கேக்கணும்."